நடுக்கம் வேறு, உதறல் வேறு

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் பேசினார்கள். “பாவம், கை நடுக்கத்தோட அந்தக் காரையும் ஓட்டிக்கிட்டிருந்தாரு. ஸ்டீயரிங்கே ஆடுமாமே.” சொல்லிவிட்டு உச்சுக் கொட்டினார்கள். என் அத்தான் போனது நெஞ்சு வலியில். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காருக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் கிடையாது. கைக்கும் கிடையாது. ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல எல்லாருக்கும் ஒரு வரி தேவைப்படுகிறது. அது தப்பான வரியாக இருந்தாலும் கவலையில்லை. அவர் இருந்திருந்தால் அங்கேயே, காபி டம்ளரைக் கீழே வைக்க விடாமல் திருத்தியிருப்பார். அவர் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே ஃபைபர் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, பஸ் இருக்கை, பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சறுக்குமரம் எல்லாம் அச்சு எடுத்து வார்ப்பார். கண்ணாடி நார்த்தூள் ஒட்டிய அவர் சட்டையைத் தனி வாளியில்தான் ஊற வைக்க வேண்டும். மற்ற துணியோடு சேர்ந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் அரிக்கும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் அக்கா எல்லாவற்றையும் ஒன்றாகத் துவைத்துவிட, மாமனாரிலிருந்து நாத்தனார் வரை சொறிந்துகொண்டே திரிந்தார்களாம். “குடும்பமே ஒத்துமையா இருந்தது அந்த ஒரு வாரம்தான்” என்பார் அத்தான்.

அவருக்கு வாய் அதிகம். பணிவு என்ற சரக்கு அவர் கடையில் இருந்ததே இல்லை. தான் செய்த தொட்டி தெருவில் எந்த மாடியில் இருந்தாலும் நின்று அண்ணாந்து பார்த்து, “இது நம்ம வேலை” என்று பக்கத்தில் போகிறவரிடம் சொல்வார். கேட்டவர் யாராக இருந்தாலும் சரி.

அந்த வாய்க்கு ஏற்ற மாதிரி ஒரு காரும் செய்தார். காயலான் கடையில் கிடந்த ஒரு சின்னக் காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கி, அதன் மேல் பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் போலத் தானே வார்த்த ஃபைபர் உடம்பைப் பொருத்தினார். கூரை கிடையாது. இரண்டே சீட்டு. உருண்டை விளக்குகள். உட்காருகிறவருக்கு முன்னால் ஒரு கட்டில் நீளத்துக்கு மூக்கு. வருஷக்கணக்கில் செய்தார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பதிவும் வாங்கினார். முதல் தடவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

“கார் செய்யறேன்னு சொல்லிட்டு மூக்கு செஞ்சிருக்கீங்க.”

அன்றிலிருந்து அதற்கு மூக்கன் என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் போவேன். ஊருக்கு வெளியே போகும் அகலமான சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து காற்று வாங்குவதும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும் என் வேலை. சில நாள் எனக்குப் பதில் அக்கா போவாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. பட்டறையில் வேலை குறைந்துவிட்ட அந்த வருஷங்களில் அவரை அவராக வைத்திருந்தது அந்தக் காலைகள்தான். அந்தக் காலைகளைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம். கம்பிச் சக்கரம் போட்டால்தான் பழைய வண்டி மாதிரி இருக்கும் என்று எங்கேயோ தேடி, வேறொரு காரின் கம்பிச் சக்கரங்களை வாங்கிவந்து மாட்டினார். பளபளவென்று இருந்தன. அதோடு ஒரு தொல்லையும் வந்தது. வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் படபடவென்று உதறும். இன்னும் வேகமாகப் போனால் தானாக அடங்கும். வேகத்தைக் குறைத்தால் திரும்ப வரும். அதே சமயத்தில்தான் அவருடைய வலது கையிலும் ஒரு நடுக்கம் தொடங்கியிருந்தது. பேப்பர் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மடியில் கிடக்கும் கை கட்டைவிரலை உருட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் அவர் செய்த குற்றம்.

முதலில் டயர் அலைன்மெண்ட் கடைக்குப் போனார். நகரத்திலேயே பெரிய கடை. கண்ணாடி அறை, வழுவழுப்பான தரை, திரை வைத்த மிஷின்கள். சக்கரத்தை மிஷினில் மாட்டிச் சுழற்றினார்கள். எங்கே எடை குறைகிறதோ அங்கே ஈயத்துண்டை ஒட்டினார்கள். மிஷின் ஜீரோ காட்டியது. வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். எண்பதில் உதறியது. திரும்பப் போனார். திரும்ப ஜீரோ. இன்னொரு தடவையும் போனார். கடைக்காரர் அத்தானிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். என் மருமகனிடம் பேசினார்.

மருமகன் என்றால் அத்தானின் ஒரே பையன். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. விபத்துக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து, சாலையில் போகிற ஒவ்வொருவரும் விபத்துக்கு முந்தின நிமிஷத்தில் இருப்பதாக அவனுக்கு ஒரு பயம். பயப்படுவதில் தப்பில்லை. அவனுக்கு அந்தக் கடைக்காரரைத் தொழில் முறையில் தெரியும். அவர் போனில் சொன்னதை அன்று சாயங்காலம் கூடத்தில் நின்று எங்களுக்கு ஒப்பித்தான்.

“வண்டியில எந்தக் குறையும் இல்லையாம்ப்பா. மிஷின்ல பார்த்தாச்சு. நடுக்கம் உங்க கையிலதான்னு சொல்றார். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.”

“உன்கிட்டச் சொல்லத் தயங்கலையே” என்றார் அத்தான்.

“அப்பா, அவர் மரியாதைக்காக…”

“இருடா. நான் சொல்றதைக் கேளு. என் கையில இருக்கறது நடுக்கம். வண்டியில இருக்கறது உதறல். ரெண்டு வார்த்தை எதுக்கு இருக்கு? ரெண்டும் வேற வேறங்கறதாலதான். நடுக்கம் பூனை மாதிரி, சத்தமில்லாம வரும். உதறல் நாய் தண்ணியை உதறுற மாதிரி. பிடிச்சிருக்கற எனக்குத் தெரியாதா?”

“ரெண்டும் ஆடறதுதானேப்பா.”

“என் கை நடுக்கத்துக்கு ஸ்பீடாமீட்டர் பார்க்கத் தெரியுமாடா? சரியா எண்பதுக்கு வந்து நூறுக்குப் போயிடுமா?”

நான் குறுக்கே பேசினேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் அத்தான், “மச்சான், இந்த ஸ்டீயரிங்கை நீ பிடி” என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்திலிருந்து எட்டிப் பிடித்தேன். என் பல் வரைக்கும் ஏறியது உதறல். என் கையில் எந்த நோயும் இல்லை.

இதைக் கேட்டதும் மருமகனின் முகம் வெளுத்துவிட்டது. உதறல் நிஜம் என்பது அவன் காதில் விழவில்லை.

“ஓடற வண்டியில ஸ்டீயரிங்கை விட்டுட்டு உங்ககிட்டக் குடுத்தாரா? மாமா, உங்களுக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது.”

அன்றே சாவியை எடுத்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த கொக்கியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். “கொஞ்ச நாளைக்குப்பா” என்றான். சின்னப் பிள்ளையிடமிருந்து தீப்பெட்டியை வாங்குகிற குரல். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஸ்டீயரிங்கைத் தானே பிடித்துப் பார்த்திருக்கலாம். தெருவில் ஒரு சுற்றுப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? கடைக்காரர் சொன்னார், மிஷின் சொன்னது, நெட்டில் போட்டிருந்தது. எல்லாரையும் கேட்டான். அந்தக் காரைச் செய்தவரைக் கேட்கவில்லை.

நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனதும் அவன்தான். அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம். டாக்டர் பொறுமையானவர். அத்தானை எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சும்மா இருக்கும்போது நடுங்குகிற கை, டம்ளரைப் பிடித்ததும் நின்றுவிட்டது. எங்கள் எல்லார் கண்முன்னாலும் நின்றது. இவர் விஷயத்தில் அப்படித்தான், சும்மா கிடந்தால் நடுங்கும், வேலை கொடுத்தால் அடங்கும் என்றார் டாக்டர்.

“என்னை மாதிரியேதான் என் கையும்” என்றார் அத்தான்.

டாக்டர் சிரித்துவிட்டு, “இப்போதைக்குத் தாராளமா வண்டி ஓட்டலாம். மாத்திரையை விடாம சாப்பிடுங்க. அப்பப்ப வந்து காட்டுங்க” என்றார்.

வெளியே வந்ததும் மருமகன் சொன்னது: “இப்போதைக்குன்னுதான் சொன்னார். கவனிச்சீங்களா?”

தாராளமாக என்ற சொல்லை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

வேறு யாராவது என்றால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் ஓயவில்லை. “சாவி இல்லாம ஓட்டத்தானே முடியாது? கழட்ட முடியும்ல” என்றார். பட்டறை வாசலில் நின்ற மூக்கனின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை, அதன் முனை சக்கர விளிம்பை உரசாமல் உரசும்படி வைத்தார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன். அக்கா குனிந்து இடைவெளியைப் பார்த்தாள்.

“விரியுது. சுருங்குது. விரியுது” என்றாள்.

“அப்ப சக்கரம் வட்டமா இல்லையா?” என்று கேட்டேன்.

“வட்டமா இல்லைன்னா மிஷின்ல காட்டியிருக்கும். நட்டைக் கழட்டி, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி மாட்டு.”

மாட்டினேன். சுற்றினேன். இப்போதும் இடைவெளி விரிந்து சுருங்கியது, ஆனால் சக்கரத்தின் வேறொரு பக்கத்தில். அத்தான் சக்கரத்தை முழுக்கக் கழற்றச் சொல்லி, நடுத்துளையையும் அது போய் உட்காருகிற அச்சின் குமிழையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். துளை பெரிது, குமிழ் சின்னது. வேறு காரின் சக்கரம் அல்லவா? நடுவில் ஒரு தகட்டைச் செருகுகிற அளவுக்கு இடம். நட்டுகள் மட்டும்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நட்டு மாட்டுகிற துளைகளும் போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிசு. இறுக்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். கடையின் மிஷின் நடுத்துளையில் கூம்பைக் கொடுத்து, மிகச் சரியாக நடுவில் பிடித்துச் சுழற்றியது. அங்கே ஜீரோ. காரில் சக்கரம் நடுவிலேயே இல்லை.

“மிஷின் பொய் சொல்லலை. அது அதோட சக்கரத்தைப் பார்த்துச்சு. என் வண்டியைப் பார்க்கலை” என்றார் அத்தான். பிறகு தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். “ஆனா இந்தச் சக்கரத்தை மாட்டினவன் எவன்? நான். துளையை அளக்காம பளபளப்பைப் பார்த்த மடையன்.”

“பொண்ணு பார்க்க வந்தப்பவும் அப்படித்தான் பார்த்தீங்க” என்றாள் அக்கா.

“அதுல ஏமாறலையே.”

“ஏமாந்தது நான்.”

அவர் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு கையில் இல்லை, சக்கரத்தில்தான். அது போதும் அவருக்கு.

மறுநாள் லேத் பட்டறைக்கு நடந்து போனோம். துளைக்கும் குமிழுக்கும் நடுவிலுள்ள இடத்தை நிரப்புகிற மாதிரி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு அலுமினிய வளையம் கடைந்து தரச் சொன்னார். வழியில்தான் அந்த அலைன்மெண்ட் கடை. அத்தான் உள்ளே போகாமல் விடுவாரா? கடைக்காரர் கண்ணாடி அறையில் இருந்தார். அத்தான் விஷயத்தைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்த குஷியில், இனி வருகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் சொன்னார்.

“இருக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். “நாங்க மிஷின்ல வந்ததைத்தான் சொன்னோம்.”

நான் பொதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினேன். “இவர் கையைப் பத்தி உங்க மிஷின்ல எந்த இடத்துல வந்தது?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். “பெரியவங்க நல்லதுக்குத்தான் சார் சொன்னது” என்றார். நல்லதுக்கு. இந்த ஒரு சொல்லைப் போர்த்திவிட்டால் அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஒருவர் உடம்பைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் பேசலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லலாம். தப்பென்று தெரிந்தபின் வாயைத் துடைத்துக்கொண்டு போகலாம். அந்த மனிதர்தான் துக்கத்துக்கு மாலையோடு வந்து, “எங்ககிட்ட ரெகுலரா வருவாரு” என்றார்.

வளையங்கள் வந்தன. உள்ளே தட்டிப் பொருத்தினோம். இப்போது சக்கரம் குமிழில் டப்பென்று போய் உட்கார்ந்தது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். செங்கல், ஸ்க்ரூடிரைவர், அக்கா. “அசையலை” என்றாள். சாயங்காலம் மருமகன் வந்ததும் அத்தான் அவனிடம் சாவியைக் கேட்கவில்லை. “நீ ஓட்டிட்டு வா” என்றார்.

போனான். அந்தக் காரை அவன் ஓட்டியது அதுதான் முதல் தடவை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடியெல்லாம் கலைந்து, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வந்தான். கேட்டுக்குள் நேராக மூக்கை நுழைத்து நிறுத்தினான்.

“நல்லாப் போகுதுப்பா. நூறு வரைக்கும் போனேன். ஒண்ணுமே இல்லை.”

“உதறல் இல்லையா?”

“இல்லை.”

“முன்னாடி இருந்ததா?”

அவன் சிரித்து மழுப்பினான். “ஏதோ ஒண்ணு. சரியாயிடுச்சுல்ல? விடுங்கப்பா.”

ஏதோ ஒண்ணு. நாங்கள் குனிந்து, கழற்றி, நடந்து, கடைந்து கண்டுபிடித்த காரணத்துக்கு அவன் வைத்த பேர் அது. சாவி அவன் கையில்தான் இருந்தது. “கைக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்” என்றபடி திரும்பப் பையில் போட்டுக்கொள்ளப் போனான். அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஓட்டலாம்னுதான்… ஆனா அம்மா…”

“வண்டி என்ன சொல்லிச்சு?”

“சரியாயிருக்கு.”

“அப்ப இன்னும் யார்கிட்டக் கேக்கணும்? சாவியை மேஜை மேல வை.”

வைத்தான். அத்தான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று பையன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். அவன் சொல்லாமலே படுக்கப் போனான். நானும் அன்று அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் அவன் ஆபீசுக்குக் கிளம்பினான். அவனுடைய கார் உள்ளே, அதற்குப் பின்னால் கேட்டை அடைத்துக்கொண்டு மூக்கன். மேஜை மேலிருந்த மூக்கன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அந்த வாசல் குறுகல். இரண்டு பக்கமும் தூண், எதிரே கரண்டுக் கம்பம். பின்னால் எடுக்கும்போது அந்த நீள மூக்கு எந்தப் பக்கம் வீசும் என்று பழகினவருக்குத்தான் தெரியும். எஞ்சின் உறுமியது, நின்றது. திரும்ப உறுமியது. மட்கார்டுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம்தான் இருந்தபோது இறங்கிவிட்டான். உள்ளே வந்தான். அத்தான் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்து தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, வண்டியை வெளிய எடுத்துத் தர்றீங்களா?”

“யாரைக் கேக்கறே?”

“உங்களைத்தான்.”

“கை நடுங்கற ஆளு. தூண்ல இடிச்சிட்டா?”

“இடிக்க மாட்டீங்க.”

“எப்படித் தெரியும்? மிஷின்ல பார்த்தியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குத் தெரியும்ப்பா. நேரமாகுது, வாங்க.”

அதற்கு மேல் அவனிடம் கறக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்தார், சாவியை வாங்கினார், செருப்பைத் தேடிப் போட்டார். ஒரே மூச்சில், ஒரு தடவை கூட நிறுத்தாமல், இரண்டு தூணுக்கும் நடுவில் பின்னால் எடுத்து, கம்பத்தைச் சுற்றி வளைத்துச் சாலையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு இறங்கவில்லை. “வர்றியா?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டார். அக்கா கையிலிருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய் ஏறினாள். துண்டைக் கூட எடுக்கவில்லை.

“எங்க போறாங்க, மாமா?” என்றான் மருமகன்.

“நீயே கேட்டிருக்கலாமே” என்றேன்.

அதன் பிறகு சாவியை யாரும் தொடவில்லை. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஓட்டலாம் என்றார், அவரும் ஓட்டினார். சின்னக் கீறல் கூட விழவில்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று மட்டும் அவனும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை, உச்சுக் கொட்டியவர்களும் சொல்லவில்லை. அத்தான் அதைப் பிறகு எதிர்பார்க்கவும் இல்லை. காற்று முகத்தில் அடித்தால் அவருக்கு எல்லாம் மறந்துவிடும். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.